எதிர்வீட்டாருக்கு மட்டும் ஒரு கர்மா

அடையாறு,
சென்னை.
ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை.

சங்கைக்குரிய மைத்துனர் அய்யாதுரை ஐயரவர்கள் சமூகத்திற்கு,

அத்தான் தனபாலன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கச்சியும், தாங்கள் போதகராயிருக்கும் சேகரத்தின் பன்னிரண்டு சபைகளும், புதிதாகக் கட்டிய பாரிஷ் ஹாலும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன் என்று எழுத வேண்டிய இடம் இது. ஆனால் நான் வேண்டுவதை நிறுத்தி இன்றோடு ஐம்பத்து நான்கு நாளாகிறது. ஆகையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதினால் அது பொய்ச்சாட்சி. அதையும் விட்டுவிடுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் தங்களிடம் எதையும் பாதிக்கு மேல் சொல்ல முடிவதில்லை. "ஜெபிப்போம் அத்தான்" என்று தாங்கள் ஆரம்பித்துவிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். போன தடவை அப்படி நின்றதில் பால் பொங்கி அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். கடிதத்தில் தாங்கள் குறுக்கே ஜெபிக்க முடியாது. மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். நம்முடைய மதத்தில் கர்மா உண்டா, இல்லையா? பொதுவாக இல்லை என்பது எனக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவன் நான். என் கேள்வி, ஒரே ஒரு ஆளுடைய விஷயத்தில் மட்டும் அதை அனுமதிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்பது.

அந்த ஆள் என் எதிர்வீட்டுக் கணேசமூர்த்தி. தங்கள் அக்காள் தங்கபுஷ்பத்தின் அடக்கத்துக்குத் தாங்கள் வந்திருந்தபோது, பெட்டியைப் படியில் இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், வாசலில் கிடந்த செருப்புகளை வரிசையாக வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டாரே, அவர்தான். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மந்தைவெளியில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். வாழ்நாளெல்லாம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பிரேக் போட்டவர் என்பதால், தொழிலை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

தங்கம் படுத்த அந்த இரண்டு வருஷம் தங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். நான் அவளுக்காக ஜெபித்த மாதிரி யாரும் ஜெபித்திருக்க முடியாது. வெள்ளிதோறும் உபவாசம். ஆஸ்பத்திரி வராந்தாவில், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மருந்துக் கடை வரிசையில், ஸ்கேன் அறைக்கு வெளியே அவள் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு. முழங்கால் இரண்டும் வீங்கி, அதற்கு ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் மாடிப்படி ஏறாதீர்கள் என்றார். என்ன செய்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருந்தது. சபையிலிருந்து வந்த ஒரு அக்கா, அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும், யோசித்துப் பார் என்றார். இன்னொருவர், முப்பாட்டன் காலத்து விக்கிரக தோஷம் நாலாம் தலைமுறையில் வந்து இறங்கியிருக்கிறது என்றார். தலையில் ஒரு முடி இல்லாமல், தலையணையில் சாய்ந்துகொண்டு, தங்கம் அந்த அக்காவிடம், "அது என்ன பாவம்னு தெரிஞ்சா சொல்லுங்கக்கா. இவ்வளவு அனுபவிச்சாச்சு, அந்தப் பாவத்தையும் ஒரு தடவ செஞ்சு பாத்துட்டுப் போயிருதேன்" என்றாள். அக்கா பிறகு வரவில்லை. அன்றைக்குத்தான் அவள் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது. ஜூன் ஆரம்பத்தில் போய்விட்டாள். தாங்களே ஆராதனை நடத்தினீர்கள். உடன்பிறந்தவளுக்குப் பிரசங்கம் செய்ய முடியாமல் பாதியில் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து மூன்று வாரம். ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய் வந்து, கீழேயிருந்து தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறேன். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் கணேசமூர்த்தி இறங்கி வந்தார். நான் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், இறக்கிவைக்கவும் இடமில்லை, அவர் வழியை மறித்துக்கொண்டு நின்று பேசுகிறார்.

"இன்னா சார், தனியா தூக்கினு போறீங்க. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளையும் இல்ல. இப்ப அம்மாவும் பூட்டாங்க. போன ஜென்மத்துல யாருக்கு இன்னா பண்ணாங்களோ, அது கூடவே வந்துகினு கீது. கர்மா சார். கழிச்சிட்டாங்க. நல்லதுன்னு நென்ச்சிக்கோங்க."

மாப்பிள, நான் தியாகராய நகரில் முப்பத்தொரு வருஷம் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றவன். கல்யாணக் கூட்டமாக வந்து, நூற்றிருபது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களையும் சிரித்த முகமாக வழியனுப்பிய வாய் இது. அந்த வாய் தானாகவே சிரித்தது. "ஆமாம் சார். நன்றி சார். மறுபடியும் வாங்க சார்" என்றது. எங்கே வரச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மேலே வந்து கதவைச் சாத்தினேன். கேனைக் கவிழ்க்கும்போது பாதித் தண்ணீர் தரையில். அந்தத் தண்ணீரிலேயே, வேட்டியோடு, வீங்கிய முழங்காலை மடித்து மண்டியிட்டேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தீர்ப்புக்குத் தேவைப்படும். "ஆண்டவரே, இந்த மனுஷனுக்குக் கர்மா என்றால் என்னவென்று நீர் ஒரு தரம் காட்டும். ஆமென்." ஒரு நிமிஷம்கூட இல்லை. பாட்டு இல்லை, ஸ்தோத்திரம் இல்லை, உபவாசம் இல்லை. காலையில் சர்ச்சில் கொடுத்த பிஸ்கட்டின் ருசிகூட வாயில் இருந்தது. ஆனால் ஆமெனை மட்டும் என் ஆயுளில் அவ்வளவு அழுத்தி நான் சொன்னதில்லை.

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு அவர் மனைவி மதுமதி என் கதவை இரண்டு கையாலும் அடித்தார்.

"சார், இவரு பாத்ரூம்ல வுழுந்துட்டாரு! தொறக்க முடில சார்!"

மேல்வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் நானுமாகக் கதவை உடைத்தோம். ஈரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். வாய் வலது பக்கம் தொங்கி, ஒரு கண் பாதி மூடி, மற்றக் கண் நேராக என்னையே பார்த்தது. இரண்டு மாடி இறக்க வேண்டும். சங்கத்துக்குச் சொந்தமான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் கட்டித் தூக்கினோம். நாற்காலியில் சங்கத்தின் பெயரைப் பெயின்டால் எழுதிவைத்தவர் அவரேதான், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று. முதல் மாடித் திருப்பத்தில், சரியாக அதே இடத்தில், நாற்காலியின் கை படீரென்று முறிந்தது. நான் அவரை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவர் தன் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவர் லுங்கி அவிழ்ந்து என் காலில் சுற்றிக்கொண்டது. ஒரு கையில் அவரையும் மறு கையில் அவர் மானத்தையும் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை எப்படி இறங்கினேன் என்று கேட்காதே. இறங்கும்போது அவர் காதருகே என் வாய், "மன்னிச்சிருங்க சார், மன்னிச்சிருங்க சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மேல்வீட்டுக்காரர்கள் நாற்காலியை உடைத்ததற்குச் சொல்கிறேன் என்று நினைத்து, "பரவால்ல விடுங்க, வேற வாங்கிக்கலாம்" என்றார்கள்.

வாசலில் அக்பர் பாஷா ஆட்டோவைத் திருப்பிப் போட்டு நிறுத்தியிருந்தார். தெருமுனை ஸ்டாண்டில் இருப்பவர். தங்கத்தையும் அவர்தான் பல தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"இன்னா சார் இது, வாயி இப்டி கோணிகினு கீது! நேத்துதான் ஸ்டாண்டாண்ட வந்து, வண்டிய ஒழுங்கா நிறுத்துன்னு கத்திட்டுப் போனாரு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்க இன்னாத்துக்கு சார் இப்டி நடுங்கிறீங்க? முன்னாடி குந்துங்க" என்றார்.

மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோடு. தடுப்புகளைச் சுற்றிச் சுற்றித் தேனாம்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர அரை மணி. ஒவ்வொரு சிக்னலிலும் நான் ஆண்டவரிடம், ஞாயிற்றுக்கிழமை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். எங்கள் கடையில் பில் போட்ட சேலையைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்களிடம், விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை என்ற பலகையை நானே எத்தனையோ தடவை காட்டியிருக்கிறேன். அந்தப் பலகை வழியெல்லாம் கண் முன்னால் ஆடிக்கொண்டே வந்தது.

உயிர் தப்பியது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. டாக்டர் விளக்கிவிட்டுப் போன பிறகு வராந்தாவில் மதுமதியும் நானும் மட்டும் நின்றோம். அந்த அம்மாள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் அவரு கர்மா சார். நம்ம கையில இன்னா கீது" என்றார்.

மாப்பிள, ஐயர் என்பதை மறந்துவிட்டு அக்காள் புருஷன் சொல்வதைக் கேள். அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாலு நாளைக்கு முன்னால் எந்த வார்த்தைக்காக அந்த மனுஷனை நான் சபித்தேனோ, அதே வார்த்தை, கொதிக்கிற வயிற்றில் மோர் ஊற்றினது போல இறங்கியது. கர்மா! அவர் செய்தது அவருக்கு. நான் இல்லை. என் ஜெபம் இல்லை. போன ஜென்மத்திலேயே எழுதியாகிவிட்டது, நான் ஞாயிற்றுக்கிழமை வெறுமனே தண்ணீரில் மண்டியிட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து, தங்கம் போன பிறகு முதல் தடவையாக மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

அந்தச் சோறு செரிப்பதற்குள் அடுத்தது வந்தது. கணேசமூர்த்திக்குக் கர்மா உண்டென்றால் தங்கத்துக்கும் உண்டு. அந்த ஆள் படியில் நின்று சொன்னது சரியென்றாகிவிடும். சரி, கர்மா வேண்டாம், என் ஜெபம்தான் கேட்கப்பட்டது என்று வைத்துக்கொள். அப்படியென்றால் இரண்டு வருஷம் முழங்கால் வீங்கக் கேட்டதற்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தவர், ஒரு நிமிஷக் கோபத்தை நாலே நாளில் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்திருக்கிறார். அவரை எப்படியப்பா நான் தகப்பன் என்று கூப்பிடுவேன்? அதுவும் வேண்டாம், இரண்டுமே தற்செயல் என்று வை. அப்போது வராந்தாவிலும் பஸ்ஸிலும் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

அன்று சாயங்காலமே இங்குள்ள சபை ஐயரிடம் போனேன். சின்ன வயசு, நல்ல மனுஷன். "கர்மா நம்முடையது இல்லை அண்ணே. கிருபைதான் நம்முடையது. யாருக்கும் தகுதிக்கு ஏத்த மாதிரி கிடைக்கிறதில்லை, அதுதான் நற்செய்தி" என்றார். "தங்கத்துக்குக் கிடைச்சதும் தகுதிக்கு ஏத்தது இல்லைதான் ஐயரே. அதுவும் நற்செய்தியா?" என்றேன். மேஜைமேல் கிடந்த பாட்டுப் புத்தகங்களை எடுத்து அடுக்கினார். பிறகு, "அது மர்மம் அண்ணே" என்றார். பாடகர் குழு காத்திருக்கிறது என்று எழுந்துபோனார். அவர்கள் கர்மம் என்கிறார்கள், நாம் மர்மம் என்கிறோம். முதல் எழுத்துதான் வேறு.

அன்றிலிருந்து ஜெபிப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால்கூட இல்லை. பக்திக் குறைவால் இல்லை, பயத்தால். வாய் தவறி யார் பெயராவது வந்துவிட்டால்? போன வாரம் கண்டக்டர் நிறுத்தத்தில் நிறுத்தாமல் என்னைச் சிக்னலில் இறக்கிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. உடனே அவரைப் பற்றி ஒன்றும் நினைத்துவிடக் கூடாதென்று, அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். பதினான்காம் வாய்ப்பாடுவரை போனேன். தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டு, அம்மா போனதிலிருந்து சார் தனியாகப் பேசுகிறார் என்று சொல்லியிருக்கிறார்.

கணேசமூர்த்தியை வீட்டுக்குக் கொண்டு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. மகன் சுஹாஸ் பெங்களூரில் இருக்கிறான். ஒரு நாள் வந்தான், கட்டில் வாங்கிப் போட்டான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். மதுமதியால் தனியாகப் புரட்ட முடியாது. ஆகையால் தினமும் காலை பத்து மணிக்கு நான் போகிறேன். தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, ஒன்றுவிட்டு ஒருநாள் சவரம். மனிதருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வார்த்தை. "நைனா." பசித்தாலும் நைனா, வலித்தாலும் நைனா, மதுமதியைக் கூப்பிடுவதும் நைனா, பயிற்சி கொடுக்க வருகிற பெண்பிள்ளையைத் திட்டுவதும் நைனா. அந்தப் பெண் முதல் நாள், "என்ன சார், என்னைப் போய் அப்பாங்கறாரு" என்று சிரித்தது. பிறகு சிரிப்பதில்லை.

முதல் தடவை சவரம் செய்தபோது, கழுத்தில் கத்தியை வைத்த நிமிஷம் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. இவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குக் கை நின்றுபோயிற்று. மதுமதி பால் வாங்கக் கீழே போயிருந்தார். நான் சோப்பு நுரையோடு குனிந்து அவர் காதில் சொன்னேன். "சார், நான் உங்கமேல ஒரு ஜெபம் பண்ணிட்டேன். கெட்ட ஜெபம். அதுதான் இப்படி ஆயிட்டுதோ என்னவோ." அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. "நைனா" என்றார். "நைனா, நைனா." மன்னிப்பா, சாபமா, கழுத்தில் நுரை அரிக்கிறது என்கிறாரா, எனக்கு எப்படித் தெரியும்? நுரை காய்ந்து உதிர்கிறவரைக்கும் அப்படியே குனிந்து நின்றேன்.

ஆகவே சங்கைக்குரிய ஐயரவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கணேசமூர்த்திக்கு மட்டும் கர்மா உண்டு, தங்கபுஷ்பத்துக்குக் கிடையாது என்று, சேகரத்தின் முத்திரை போட்ட தாளில், தங்கள் கையெழுத்தோடு எழுதித் தர முடியுமா? வேதசாஸ்திரக் கல்லூரியில் தங்களோடு படித்த பெரியவர்கள் யாரையாவது கலந்துகொண்டும் எழுதலாம். தங்கள் தீர்ப்பு வரும்வரை மதுமதியிடம் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அந்த அம்மாள் என்னை ஒரு நல்ல மனுஷன் என்று நினைத்துத் தினமும் காபி கொடுக்கிறார். அதை நான் குடிக்கவும் குடிக்கிறேன். இதை யாருக்காகவும் ஜெபமாக மாற்ற வேண்டாம், முக்கியமாக எனக்காக. தங்கள் சேகரத்தில் நடக்கும் கன்வென்ஷன் கூட்டங்களுக்கும் வரமாட்டேன், எனக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையைத் தொட்டேன் என்று சொல்லவும். ஆசீர்வதித்தேன் என்று சொல்ல வேண்டாம், தொட்டேன் என்பது போதும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்துள்ள அத்தான்,
தனபாலன்.

பி.கு.: வியாழக்கிழமை. ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். மதுமதியிடம் சொல்லிவிட்டேன்.

காலையில் அவரைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தேன். மதுமதி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவரு உங்கள எவ்ளோ பேசிகீறாரு. இன்னாத்துக்கு சார் தெனமும் வந்து செய்யிறீங்க?" என்று கேட்டார். பொய் சொல்லத் தெம்பில்லை. படியில் அவர் சொன்னது, தண்ணீரில் நான் சொன்னது, நாள், கிழமை எல்லாம் சொன்னேன். அந்த அம்மாள் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஜூன் மாசமா சார் நீங்க வேண்டிகினீங்க?"

"ஆமாம்மா."

"நான் சுஹாஸ் ஒம்பதாவது படிக்க சொல்லோவே ஆரம்பிச்சேன். பதினாலு வருசம். வெள்ளிக்கெழம தவறாம மைலாப்பூர் போயி, அம்மன் முன்னாடி நின்னுகினு, இந்தாளு கையி வெளங்காம போவணும்னு கேட்டுகினு இருந்தேன். சோத்துத் தட்ட வீசுற கை. புள்ளைய அடிச்ச கை. பாருங்க, கரெக்டா அந்தக் கைதான். நீங்க இன்னாடான்னா ஒரு ஞாயித்துக்கெழம வேண்டிகினு, நான்தான் நான்தான்றீங்க. வரிசையில எனக்கு ரொம்பப் பின்னாடி சார் நீங்க."

நான் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வராந்தாவில் கர்மா என்று சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை என்றும், தனக்குத்தானே சொல்லிக்கொண்டது என்றும் சொன்னார். அப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். உள்ளேயிருந்து அவர் "நைனா" என்று கூப்பிட்டதும் இரண்டு பேரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனோம். ஒன்றும் இல்லை, மின்விசிறி வேகமாகச் சுற்றியது.

ஆகவே மாப்பிள, தீர்ப்பு வேண்டாம், முத்திரை வேண்டாம். டிக்கெட் எடுப்பதென்றால் எடு. மதுமதி கேட்கச் சொன்ன ஒரு காரியம் மட்டும் உண்டு. "உங்க மச்சான் ஐயருதான சார்? அவர வேண்டிக்கச் சொல்லுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் கைராசி சரியில்ல" என்றார். ஞாயிறு ஆராதனையில் சொல்லிவிடு. பெயர் கணேசமூர்த்தி, வயது அறுபத்தெட்டு. அளவாக வேண்டிக்கொள். கால் சரியாகி, பாத்ரூம்வரை பிடித்துக்கொண்டு நடந்தால் போதுமாம். கைக்கு ரொம்ப அழுத்த வேண்டாம் என்றார்.